கொல்லைப்புறத்தில் ஆட்டம் பார்க்க: புதிய எல்இடியா, பழைய அலுவலகப் புரொஜெக்டரா?

குறைந்த செலவில் திறந்தவெளியில் பெரிய திரை அமைத்து ஆட்டம் பார்க்க விரும்புவோருக்கு நடைமுறையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கையில் எடுத்துச் செல்லக்கூடிய புதிய எல்இடி புரொஜெக்டர். மற்றொன்று, அலுவலகங்களும் பள்ளிகளும் கழித்துவிட்ட, பாதரச விளக்கு பொருத்திய பழைய புரொஜெக்டர். இவற்றில் எதை வாங்குவது என்பதை, பார்க்கப்போகும் ஆட்டம் பெரும்பாலும் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். மூலைவிட்டம் 100 அங்குலமுள்ள 16:9 திரையின் அகலம் ஏறத்தாழ 2.21 மீட்டர், உயரம் 1.25 மீட்டர், பரப்பு 2.76 சதுர மீட்டர். உண்மையாகவே 500 லூமென் (கருவி உமிழும் மொத்த ஒளியின் அலகு) தரும் எல்இடி புரொஜெக்டர் அந்தத் திரையில் ஏறக்குறைய 180 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்) வெளிச்சத்தைப் பாய்ச்சும். தெளிந்த வானத்தில் சூரியன் மறையும் தறுவாயில் வெட்டவெளியில் இருக்கும் வெளிச்சமோ 400 லக்ஸ் அளவில் இருக்கும். அப்படியானால் திரையில் கருப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் 400 லக்ஸும், வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் 580 லக்ஸும் விழுகின்றன; இரண்டுக்கும் இடையே ஒன்றரை மடங்கு வேறுபாடுகூட இல்லாததால் படம் வெளிறிய நிழலாகவே தெரியும். சூரியன் தொடுவானத்துக்கு 6 பாகை கீழே இறங்கியதும் சுற்றுவெளிச்சம் 3 அல்லது 4 லக்ஸாகக் குறைந்துவிடுகிறது. அதே 500 லூமென் அப்போது ஐம்பது மடங்கு வேறுபாட்டைக் காட்டும். திரையரங்கின் பிரகாசத்துக்குச் சற்றும் குறையாத படம் கிடைக்கும்.

3000 லூமென் என்று குறிக்கப்பட்ட பழைய புரொஜெக்டர், புதிதாக இருந்த நாளில், அதே திரையில் 1,090 லக்ஸ் அளவுக்குப் பாய்ச்சியிருக்கும். மறையும் சூரியனுக்கு எதிரில் அதுவும் நான்கு மடங்கு வேறுபாட்டை எட்டாது. ஓட்ட எண்ணிக்கையைப் படிக்கலாம், ஆட்டக்காரர்களை அடையாளம் காணலாம், பந்தைத் தேட வேண்டியிருக்கும். ஆனாலும் அந்திநேரத்து முதல் அரைமணியை வீணாக்காமல் பார்க்க உதவுவது இதுதான். நண்பகல் ஆட்டத்துக்கு இரண்டுமே உதவா. தொலைக்காட்சிப் பெட்டியை நிழலுக்குத் தூக்கி வருவதே மேல்.

மேலே சொன்ன எண்கள் உண்மையான லூமெனுக்குப் பொருந்தும், பெட்டியில் அச்சிட்ட லூமெனுக்கு அல்ல. ஆன்சி எனும் அமெரிக்கத் தர நிறுவனத்தின் அளவீட்டு முறையில், முழு வெள்ளைப் படத்தை ஒன்பது சம பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் வெளிச்சத்தை அளந்து, சராசரியைப் பரப்பால் பெருக்குகிறார்கள். மலிவான எல்இடி கருவிகள் பல, எல்இடி சில்லு தானே உமிழும் ஒளியையோ, எந்த அளவீட்டிலும் சேராத ஓர் எண்ணையோ விளம்பரத்தில் போடுகின்றன. இத்தகைய கருவிகளில் படத்தை உருவாக்கும் ஒற்றை எல்சிடி தகட்டில், ஒளியை ஒரே திசையில் அதிரவைக்கும் முனைவாக்கி மட்டுமே பாதிக்கு மேல் ஒளியை விழுங்கிவிடும்; எஞ்சியதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வண்ண வடிகட்டி தடுத்துவிடும். ஆகையால் சில ஆயிரம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது அளந்து பார்த்தால் சில நூறாக நிற்பதில் வியப்பில்லை. ஆன்சி என்ற சொல்லும் அதன் எண்ணும் எழுதப்படாத கருவியை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள மாட்டேன். ‘1080 ஆதரவு’ என்ற வாசகத்துக்கும் இதே எச்சரிக்கை தேவை: அந்தத் தெளிவுள்ள படத்தை உள்வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்றுதான் அதற்குப் பொருள், தகட்டின் இயல்புத் தெளிவு 1920×1080 தானா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

பழைய புரொஜெக்டரின் எண்ணையும் அப்படியே ஏற்க முடியாது. விளக்கின் ஆயுள் என்று குறிக்கப்படும் மணிநேரம், வெளிச்சம் பாதியாகக் குறைய ஆகும் காலத்தையே பொதுவாகக் குறிக்கிறது. அந்த எல்லையைத் தொட்ட 3000 லூமென் கருவியில் மிஞ்சுவது 1500. அதன் தகடு 1024×768 என்ற பழைய 4:3 வடிவமாக இருந்தால், அகலத்திரைப் படத்துக்கு மேலும் கீழும் கருப்புப் பட்டைகள் விழுந்து, அதிலும் கால் பங்கு வீணாகும். இத்தனை கழிவுக்குப் பின்னும் 1,125 லூமென் நிற்கிறது. எல்இடியின் இரு மடங்குக்கு மேல். வெளிச்சத்தில் பழையது வெல்கிறது என்பதில் ஐயமில்லை.

மற்றவற்றில் அது தோற்கிறது. 200 முதல் 300 வாட் வரை மின்சாரம் இழுக்கிறது, விசிறி இரைகிறது, அணைத்தவுடன் விளக்கு ஆறும்வரை நகர்த்தாமல் வைத்திருக்க வேண்டும், மாற்று விளக்கின் செலவு சில வேளைகளில் கருவியின் விலையை நெருங்கிவிடும். விஜிஏ எனும் பழைய வகைப் பட இணைப்புத் துளை மட்டும் உள்ள கருவியைத் தவிர்த்துவிடுங்கள். இடைமாற்றி வழியாக இணைத்தால், நகல் தடுப்புள்ள விளையாட்டு ஒளிபரப்பு படத்தைக் காட்ட மறுக்கக்கூடும். நுண்கண்ணாடிகள் நிறைந்த ஒற்றைச் சில்லும், நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் சுழலும் வண்ணச் சக்கரமும் கொண்ட டிஎல்பி வகையில், இருண்ட பின்னணியில் வெள்ளைப் பந்து விரையும்போது சிலர் கண்ணுக்கு வானவில் கீற்றுகள் தெரியும். மூன்று எல்சிடி தகடு உள்ள வகையில் இந்தத் தொல்லை இல்லை, புல்தரையின் பச்சையும் மங்காது. எனவே அந்தியிலேயே தொடங்கும் ஆட்டங்களை அதிகம் பார்ப்பவர், மூன்று தகடும், படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் ஏற்கும் எச்டிஎம்ஐ துளையும் உள்ள 1280×800 கருவியைத் தேடலாம். இருட்டிய பின் பார்ப்பவருக்கு, 500 ஆன்சி லூமெனும் இயல்பான 1080 தெளிவும் உள்ள எல்இடியே போதும். கூடுதல் வெளிச்சத்துக்குச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தைத் திரையிலும் ஒலியிலும் போடலாம்.

திரையில் பெரிய போட்டி இல்லை. வெள்ளையடித்த சமமான சுவர் இருந்தால் அதுவே முதலிடம். படுக்கை விரிப்பு ஒளியைப் பின்பக்கம் கசியவிடும், காற்றில் அலையும். ஒளி புகாத திரைச்சீலைத் துணியைச் சட்டத்தில் நெகிழ்கயிற்றால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுவது நல்லது. அளவை 100 அங்குலத்திலிருந்து 120 ஆக்கினால் பரப்பு 1.44 மடங்காகும், பிரகாசம் அதே விகிதத்தில் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது.

எல்இடி கருவிக்குள்ளேயே ஆண்ட்ராய்டு இருப்பது கவர்ச்சியாகத் தோன்றினாலும், உரிமச் சான்று இல்லாத கருவிகளில் பல செயலிகள் குறைந்த தெளிவிலேயே ஓடும். எச்டிஎம்ஐ துளையில் செருகும் தனி ஸ்ட்ரீமிங் குச்சியே நம்பகமானது. ஒலியைப் பொறுத்தவரை, உள்ளிருக்கும் சிறு ஸ்பீக்கர் வெட்டவெளியில் எடுபடாது. ப்ளூடூத் வழியாகப் போனால் ஒலி நொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் பிந்துவதுண்டு. மட்டையில் பந்து பட்ட பிறகு சத்தம் கேட்பது எரிச்சலூட்டும். கம்பி வழியாக இணைத்த ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். எந்தக் கருவியானாலும், தரையில் ஓடும் நீட்டிப்புக் கம்பி, கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி பொருத்திய இணைப்பிலிருந்தே வர வேண்டும். அதன் பிளக்குகள் பனி ஈரமான புல்லில் கிடக்காதபடி உயர்த்தி வைக்கப்பட வேண்டும்.