எஸ்ஸோ கப்: சிங்கப்பூர் ஈசூன் வீட்டிலிருந்து பார்த்த ஒரு பாட்டி எழுதுவது

ஏப்ரல் கடைசி வாரத்தில் எங்கள் வீட்டு அலாரம் ஐந்து மணிக்கு அடிக்கும். அது பேத்திக்காக. எனக்கு நாலரைக்கே விழிப்பு வந்துவிடும். பாலைக் காய்ச்சி மைலோ கலக்கி வைத்துவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டால் கனடாவில் முந்தின நாள் பிற்பகல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் தொடங்கும் நேரமாக இருக்கும். 2023-ல் முதல்முறை பார்த்தபோது போட்டி சஸ்காட்சவான் மாநிலத்துப் பிரின்ஸ் ஆல்பர்ட் ஊரில் நடந்தது. அந்த ஊருக்கும் நமக்கும் 14 மணி நேர வித்தியாசம். அங்கே பிற்பகல் மூன்றரை என்றால் இங்கே மறுநாள் விடிகாலை ஐந்தரை. பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டே முதல் பீரியடை, அதாவது ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை, பார்த்துவிடலாம்.

எஸ்ஸோ கப் என்பது கனடாவின் 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான தேசிய ஐஸ் ஹாக்கிப் போட்டி. 2009-ல்தான் தொடங்கினார்கள். ஆண் பிள்ளைகளுக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தேசியப் போட்டி இருந்தது. பசிஃபிக், மேற்கு, ஒண்டாரியோ, கியூபெக், அட்லாண்டிக் என்று ஐந்து வட்டாரங்களில் வென்ற அணிகளோடு, போட்டி நடக்கும் ஊரின் அணியும் சேர்ந்து ஆறு. ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்து அணிகளோடும் மோதும். முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள். ஒரு வாரத்தில் மொத்தம் 19 ஆட்டங்கள்.

இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நான் எழுபதுகளில் உயர்நிலைப் பள்ளியில் ஹாக்கி ஆடியவள். திடல் ஹாக்கி. வட்டாரப் போட்டிக்குப் போய் ஒரு ஆட்டம் தோற்றால் அத்தோடு பேருந்து ஏறிவிட வேண்டியதுதான். வருடம் முழுக்கப் பயிற்சி செய்தது எழுபது நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே அவ்வளவு தூரம் பயணப்பட்டு வரும் பெண்ணுக்குக் குறைந்தது ஐந்து ஆட்டம் உறுதி. முதல் ஆட்டத்தில் சொதப்பிய கோல்கீப்பர் மூன்றாம் நாள் வலை முன்னால் சுவராக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆறில் நான்கு அணி அரையிறுதிக்குப் போவதால் முதல் இரண்டு நாள் அவ்வளவு சூடு இருக்காது. நேரம் குறைவாக உள்ளவர்கள் புதன்கிழமையிலிருந்து பார்த்தால் போதும்.

நான் இந்தப் போட்டியைப் பரிந்துரைப்பதற்கு உண்மையான காரணம் வேறு. என் பேத்தி இடது கையைக் கீழே வைத்து மட்டை பிடிப்பவள். திடல் ஹாக்கியில் அதற்கு இடமே இல்லை. எல்லா மட்டையும் ஒரே அமைப்புதான், தட்டையான பக்கம் இடப்புறம்தான் இருக்கும், இடது கைக்காரர் என்றாலும் கையை மாற்றித்தான் ஆக வேண்டும். பள்ளியில் பயிற்றுநர் அவள் கையை மாற்றி மாற்றி வைத்தார். ஒரு பருவம் முயன்று பார்த்துவிட்டு அழுதுகொண்டே விட்டுவிட்டாள். விதி அப்படி என்று எனக்குத் தெரியும், ஆனாலும் மனம் ஆறவில்லை. ஐஸ் ஹாக்கி மட்டையில் இடப்பக்கம் வளைந்ததும் உண்டு, வலப்பக்கம் வளைந்ததும் உண்டு. கனடாவில் இடது கையைக் கீழே வைப்பவர்கள்தான் அதிகம். முதல் ஆட்டத்தின் இடைவேளையில் அவள் படத்தை நிறுத்தி எண்ணினாள். “பாட்டி, இங்க பாருங்க, எல்லாரும் என்னை மாதிரிதான் பிடிக்கிறாங்க!” அன்று அவள் முகம் இருந்த மாதிரி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு முதலில் கண் தடுமாறும். பக் ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. குறுக்களவு மூன்று அங்குலம், தடிமன் ஒரு அங்குலம், எடை ஏறக்குறைய 170 கிராம். கைப்பேசியில் பார்த்தால் எங்கே போகிறது என்றே தெரியாது. பெரிய திரை அவசியம். பக்கைத் துரத்தாமல் ஆட்டக்காரர்களின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள், இரண்டு ஆட்டத்தில் பழகிவிடும். ஆஃப்சைட் எனக்கு எளிதாகப் புரிந்தது, ஏனென்றால் எங்கள் காலத்துத் திடல் ஹாக்கியிலும் ஆஃப்சைட் இருந்தது, பிறகுதான் எடுத்துவிட்டார்கள். இங்கே ஒரே விஷயம்தான்: எதிரணிப் பக்கத்து நீலக்கோட்டைப் பக் தாண்டுவதற்கு முன் தாக்க வருபவர் தாண்டக்கூடாது. கோல் கூண்டுக்குப் பின்னாலும் ஆடலாம் என்பதுதான் எனக்குப் பெரிய அதிசயம். அங்கிருந்து ஒரு பெண் பக்கை முன்னால் தள்ள, காத்திருந்த தோழி வலைக்குள் அடிக்கும் கோல்களை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்கவில்லை.

பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் இடித்துத் தள்ளுவது குற்றம். செய்தால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அதனால் பக்கைக் கடத்தும் அழகும் சறுக்கும் வேகமும்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன. ஒருவர் முக்கால் நிமிடம் முழுமூச்சாகச் சறுக்கிவிட்டு பெஞ்சுக்கு வர, ஆட்டம் நிற்காமலே அடுத்தவர் தடுப்பைத் தாண்டிக் குதித்து உள்ளே போகிறார். அந்த ஆள்மாற்றத்தை மட்டும் ஒரு பீரியட் முழுக்கக் கவனித்துப் பாருங்கள்.

குறை ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டங்களைப் பார்க்க நாங்கள் சந்தா கட்டிய இடைத்தரகுச் சேவை இரண்டாம் ஆண்டு என் அட்டையில் இருமுறை பணம் எடுத்துக்கொண்டது. திரும்பக் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. சந்தா எதுவானாலும் மாதக் கணக்கில் மட்டும் கட்டுங்கள், ரசீதைப் படம் பிடித்து வையுங்கள்.

2023 ஆகஸ்டில் ஜூரோங்கில் ஜேகியூப் கடைத்தொகுதி மூடப்பட்டதோடு, அங்கே 2012 முதல் இருந்த பனிச்சறுக்குத் தளமும் போனது. ஒலிம்பிக் அளவில் சிங்கப்பூரில் அமைந்த முதல் தளம் அது. பேத்தி முதன்முதலில் சறுக்கியது அங்கேதான். ஸ்வெட்டரும் காலுறையுமாக நான் வெளிப்பக்கம் நின்று பார்த்த கண்ணாடி இன்னும் நினைவில் இருக்கிறது. இப்போது அவள் புளோக் பக்கத்துச் சிமெண்டுத் தளத்தில் சக்கரக் காலணியோடு, ஒரு டென்னிஸ் பந்தை அடித்துப் பழகுகிறாள். ஏப்ரலில் பார்த்ததை மே மாதம் முழுக்கச் செய்து பார்ப்பாள்.

ஒரே ஒரு நாள்தான் முடியும் என்பவர்கள் அரையிறுதி பாருங்கள். அங்கே வெள்ளிக்கிழமை, நமக்குச் சனிக்கிழமை, பள்ளி கிடையாது. இறுதி ஆட்டம் ஞாயிறு காலை வரும். சோங் பாங் உணவங்காடியில் முதல்நாளே தோசைமாவு வாங்கி வைத்துவிடுவேன். இறுதி ஆட்டத்துக்கு முன்பாக வெண்கலப் பதக்க ஆட்டம் உண்டு. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். முந்தின நாள் தோற்றுக் கண் வீங்கிய பிள்ளைகள் மறுபடியும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வருவார்கள். நாங்கள் இருவரும் அதை ஒரு வருடமும் விட்டதில்லை.