ராமராஜனா, ராஜ்கிரணா: மார்க்கெட் இறங்கிய பிறகு யார் போன வழி சரி?

மதுரைப் பக்கம் ராமராஜன் பேச்சை எடுத்தால் அது ராஜ்கிரணில் போய் நிற்காமல் இருக்காது. ராமராஜனை வைத்து 'என்ன பெத்த ராசா' (1989) எடுத்த தயாரிப்பாளரே ராஜ்கிரண்தான், அப்புறம் 1991-ல் 'என் ராசாவின் மனசிலே' படத்தில் அவரே ஹீரோவாகிவிட்டார்.

ராமராஜன் நம்ம மேலூர்க்காரர். தியேட்டரில் வேலை பார்த்து, ராம. நாராயணனிடம் உதவி இயக்குநராக இருந்து மேலே வந்தவர். 'கரகாட்டக்காரன்' மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது சும்மா இல்லை. 'எங்க ஊரு பாட்டுக்காரன்' படத்தில் பாடிக்கொண்டே பால் கறப்பாரே, அதில் நடிப்பு என்று பிரித்துச் சொல்ல எதுவுமே இருக்காது, அவ்வளவு இயல்பு. தொண்ணூறுகளில் கிராமப் பட அலை ஓய்ந்தது, 1998-ல் திருச்செந்தூர் எம்.பி. ஆனார், ஆனால் நடித்தால் ஹீரோதான் என்ற பிடியை மட்டும் விடவே இல்லை. 'மேதை' (2012), 'சாமானியன்' (2024) இரண்டிலும் அவர்தான் நாயகன், பழைய கூட்டம் திரும்பவில்லை.

ராஜ்கிரணுக்கும் ஹீரோ மார்க்கெட் போனது. அவர் 'நந்தா'வில் (2001) பெரியவராக வந்தார், 2005-ல் 'தவமாய் தவமிருந்து' படத்தில் பிள்ளைகளுக்காக அச்சகத்தில் உழைத்துத் தேயும் அப்பாவாக நின்றார். வயதை மறைக்கவில்லை, அதனால் கதைகள் அவரைத் தேடி வந்தன.

கொள்கையாகப் பார்த்தால் ராமராஜனை மதிக்கிறேன். ஆனால் ரசிகனாக எனக்கு ராஜ்கிரண் வழிதான் சரி. மேலூர் மண்ணில் ஒரு அப்பா, ஒரு தாய்மாமன் வேஷத்தை ராமராஜனுக்கு யாராவது எழுதணும், அவரும் சரின்னு சொல்லணும்.