பாபநாசமா, தூத்துக்குடியா, மதுரையா: ஹார்விகள் மில்லுக்கு இடம் பிடித்த கணக்கு

இழைகளைச் சேர்த்து முறுக்கி ஒரே நூலாக்கும் டபுளிங் யூனிட் ஒன்றைச் சின்னதாகப் போட இடம் பார்த்தபோது என் முன்னால் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்றில் நூல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். இன்னொன்றில் மின்சாரம் ஒழுங்காக வரும். நான் மின்சாரத்தின் பக்கம் போனேன். பஞ்சாலை முதலாளிகளான ஹார்வி சகோதரர்கள் ஏன் திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசத்துக்குப் போனார்கள் என்பது அதற்கப்புறம்தான் எனக்குப் பிடிபட்டது.

ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற இந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் 1885-ல் பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் முதல் மில்லைப் போட்டார்கள். அடுத்தது தூத்துக்குடியில் கோரல் மில். 1892-ல் மதுரை மில் ஓடத் தொடங்கியது. முதலாளி அதே ஆட்கள், காலமும் ஏறக்குறைய அதே காலம். மாறியது இடம் மட்டும்தான் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கத் தோதாக இருக்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் தூத்துக்குடிதான் ஜெயிக்க வேண்டும். துறைமுகம் இருக்கிறது, 1876-லேயே ரயில் வந்துவிட்டது, கோவில்பட்டி, எட்டயபுரம் கரிசல் பருத்தி பக்கத்திலேயே விளைகிறது. கடல் காற்றின் ஈரத்தில் இழையும் அதிகம் அறாது. மதுரைக்கு 1875-ல் ரயில் வந்தது. ஊருக்குள்ளேயே நூல் வாங்கும் நெசவாளர்கள், வேலைக்குச் சுற்றுவட்டாரத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து ஆட்கள். பாபநாசத்தில் என்ன இருந்தது? நெல் வயல், கோயில், மலை. பருத்தி விளையாது. அன்றைக்குப் பக்கத்து ரயில் என்றால் திருநெல்வேலிதான், சுமார் 50 கிலோமீட்டர். அம்பாசமுத்திரம் பக்கம் தண்டவாளம் வந்ததே 1900-களின் தொடக்கத்தில். அதுவரை பஞ்சு போனதும் நூல் வந்ததும் மாட்டு வண்டியில்.

இருந்தும் முதல் மில்லை அங்கேதான் போட்டார்கள். காரணம், பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே அதற்குத் தண்ணீர் தருகின்றன. அது அங்கே அருவியாக விழுகிற வேகத்தில் மில்லை ஓட்டிவிடலாம்.

இதைக் காசுக் கணக்காகப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். நூறு கிலோ பஞ்சு உள்ளே போனால், கழிவு போகத் தொண்ணூறு கிலோவுக்கு முன்னே பின்னே நூலாக வெளியே வரும். ஆகவே மில் வயல் பக்கம் இருந்தாலும் சந்தை பக்கம் இருந்தாலும் வண்டிக் கூலியில் பெரிய வித்தியாசம் விழாது. நிலக்கரி அப்படி இல்லை. எவ்வளவு கொண்டுவந்தாலும் அவ்வளவும் எரிந்து சாம்பலாகிவிடும். அந்தக் காலத்து நல்ல நீராவி இன்ஜினுக்கே ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஒரு கிலோ போல நிலக்கரி வேண்டும். உதாரணத்துக்கு 500 குதிரைத்திறன் மில்லை 12 மணி நேரம் ஓட்டினால் தினமும் 6 டன், 26 வேலை நாளுக்கு 156 டன். தென்கோடியில் சுரங்கம் எதுவும் கிடையாது. வங்காளத்திலிருந்தோ சீமையிலிருந்தோ வந்தாக வேண்டும். சந்தை மந்தமானால் நூல் விலை இறங்கும், நிலக்கரி பில் அதற்காக இறங்காது. அருவிக்கு அந்தப் பில்லே இல்லை. இது ஹார்விகளுக்குப் புது யோசனையும் இல்லை. கிளைடு ஆற்று அருவியை நம்பி நியூ லானார்க் பஞ்சாலை 1786-லேயே அவர்கள் நாட்டில் எழுந்திருந்தது.

தண்ணீர் சும்மா கிடைத்தாலும் செலவே இல்லை என்று சொல்லமாட்டேன். அணை, கால்வாய், டர்பைன் எல்லாவற்றுக்கும் முதலிலேயே மொத்தமாகப் பணம் போட வேண்டும். வண்டல் வாரணும், கம்பி வலையில் அடைக்கும் இலைதழையை எடுத்துக்கொண்டே இருக்கணும். கோடையில் ஆறு மெலிந்தால் சமாளிக்கணும். மோட்டாரை மட்டுமே கட்டி மேய்த்த எனக்கு இந்தப் பராமரிப்பின் முழுப் பாரமும் தெரியும் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் 1885-ல் கையில் பணத்தோடு நின்றிருந்தால் நானும் பாபநாசத்தைத்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது மில்லுக்குச் சொல்லமாட்டேன். அருவி தருகிற அளவுக்கு மேல் அங்கே நூல் நூற்கும் கதிர்களைக் கூட்ட முடியாது. நீராவியில் அந்தக் கட்டு இல்லை. கூட ஒரு கொதிகலன் வைத்தால் போதும். மதுரையில் மில் ரயில் நிலையத்தின் அருகிலேயே அமைந்ததால் நிலக்கரியும் பஞ்சும் வாசலுக்கு வந்தன. விரிவாக்க நினைப்பவனுக்கு மதுரைதான் சரி.

தூத்துக்குடியை நான் மூன்றாவதாக வைப்பேன். கப்பலில் நிலக்கரி வந்து இறங்கும், அது பெரிய வசதிதான். ஆனால் அங்கே பஞ்சு மூட்டை கட்டி ஏற்றுமதி செய்கிற தொழிலுக்குத்தான் இடம் அதிகம் பொருந்துகிறது. அப்புறம், துறைமுக ஊரில் சேதி வேகமாகப் பரவும். 1908-ல் வ.உ.சி. தலைமையில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கினார்கள். முதலாளிக்கு அது குறையாகப் பட்டிருக்கும். அங்கே உழைத்தவர்களைக் கேட்டால் இந்த வரிசையே மாறிவிடும்.

1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் வந்ததும் இந்தக் கணக்கு முழுக்கக் கலைந்தது. அருவி நீலகிரியில் இருக்க, மில் கோயம்புத்தூரில் ஓடலாம் என்று ஆகிவிட்டது. அங்கே மில்கள் மளமளவென்று பெருகியது அதற்குப் பிறகுதான்.