குக்கரா, வொண்டர்பேக்கா?
2023-இல் தென்னாப்பிரிக்கா முழுக்க மின்வெட்டு. டர்பனில் எங்கள் வீட்டிலோ மின் அடுப்புதான். பீன்ஸ் கறிக்குக் குக்கர் தோதா, சூட்டைக் காக்கும் மெத்தைப் பையான வொண்டர்பேக் தோதா?

குக்கர் வேகம்தான்; ஊறிய பீன்ஸ் அரை மணிக்குள் குழைந்துவிடும். நடுவில் கரண்ட் போனால் விசிலுக்குத் தவம் கிடக்கணும்.

2008-இல் இந்நாட்டின் சாரா காலின்ஸ் உருவாக்கிய வொண்டர்பேக்கைப் பார்த்து, "தலையணையிலா சமையல்?" என்று அம்மா சிரித்தார். கொதித்த பானையை உள்ளே வைத்து இறுகக் கட்டினால், அந்தச் சூட்டிலேயே மணிக்கணக்கில் வேகும். அடிப்பிடிக்காது. சிவப்பு பீன்ஸை மட்டும் முதலில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடணும், இல்லையேல் வயிறு கெடும். இடையில் திறந்து பார்க்கவும் கூடாது. அதுதான் அம்மாவால் முடியவில்லை!

அவசரத்துக்குக் குக்கர். மற்றபடி என் ஓட்டு வொண்டர்பேக்குக்கே. அதில் தயிரும் உறைகிறது, ஐஸ்கிரீமும் சீக்கிரம் உருகுவதில்லை.