சுப்பீரியரா, ப்ராக்ஸிமலா?

உடலில் எது எந்தப் பக்கம் என்று குறிக்கும் இந்த இரண்டு சொற்களையுமே முதலாண்டு நர்சிங் மாணவர்கள் பலர் ‘மேலே’ என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பிறகு எதை எங்கே எழுதுவது என்று தடுமாறுகிறார்கள்.

எந்தப் பக்கம்?
சுப்பீரியர்: தலைப்பக்கம்.
ப்ராக்ஸிமல்: கை, கால் உடலோடு சேரும் பக்கம்.

எங்கே பொருந்தும்?
சுப்பீரியர்: தலை, கழுத்து, உடற்பகுதி.
ப்ராக்ஸிமல்: கை, கால். குடலுக்கும் சொல்வார்கள், அங்கே தொடக்கப் பக்கம் என்று பொருள்.

குழப்பம் எதில் குறைவு?
சரி, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். மணிக்கட்டு இப்போது முழங்கைக்கு மேலே நிற்கிறது. ஆனாலும் முழங்கைதான் ப்ராக்ஸிமல், தோளுக்கு அதுதானே கிட்டே! சுப்பீரியர் என்றால், நேராக நின்று உள்ளங்கை முன்னால் பார்க்கும் நிலையை ஒவ்வொரு முறையும் மனதில் கொண்டுவர வேண்டும்.

அதனால் இதயம், உதரவிதானம் என்றால் சுப்பீரியர், அதற்கு எதிராகப் பாதப் பக்கத்துக்கு இன்ஃபீரியர். கையூன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டருகே ரேடியஸ் எலும்பு (முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருப்பது) உடைந்திருந்தால், ‘டிஸ்டல் ரேடியஸ்’ என்றே எழுதுங்கள்; டிஸ்டல் என்பது ப்ராக்ஸிமலுக்கு எதிர்ப்பக்கம்.