கீல் பெயர்ந்த மடிக்கணினியும் இரண்டு குழாய் அரால்டைட்டும்

சென்ற டிசம்பரில் ஒரு காலை, மடிக்கணினியைத் திறக்கும்போது வலது மூலையில் ‘படக்’ என்று ஓசை கேட்டது. திரை எரிந்தது, விசைகள் வேலை செய்தன. ஆனால் விசைப்பலகைச் சட்டத்துக்கும் அடிமூடிக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. ஐந்தாண்டு பழகிய கருவி என்பதால் தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்துக்கே முதலில் கொண்டு போனேன். கீல், மேல்சட்டம், திரைமூடி மூன்றையும் சேர்த்துத்தான் மாற்றுவோம், 11,400 ரூபாய் ஆகும் என்று சொல்லி, நான் கேள்வி கேட்பதற்கு முன்பே சீட்டையும் எழுதிவிட்டார்கள். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

அவசரத்தில் நான் செய்த முதல் வைத்தியம் நொடியில் ஒட்டும் பசையும் ஆப்ப சோடாவும். சோடாவைத் தூவிப் பசையை விட்டால் கண்ணெதிரே கல்லாக இறுகும். பார்க்க மிகவும் நம்பிக்கையாக இருக்கும். ஒன்பதாம் நாள் அதே ஓசை, அதே மூலை. அந்தக் கலவை கடினமானதே தவிர, சற்றும் வளைந்து கொடுக்காது. திரையைத் திறக்கும்போது விழும் நெம்பு விசையில் கண்ணாடி போல நொறுங்கிவிடுகிறது.

அதன் பிறகுதான், பெங்களூருவில் மின்னணுப் பாகங்கள் விற்கும் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். அல்சூரிலிருந்து மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் மெஜஸ்டிக், அங்கே பச்சைக்கு மாறி அடுத்த நிறுத்தமான சிக்பேட்டையில் இறங்கி, பிறகு நடை. பழைய மடிக்கணினிகளை உரித்துப் பாகம் பாகமாகத் தொங்கவிட்டிருந்த ஒரு சிறிய கடையில், பெயர்ந்த சட்டத்தைக் காட்டி “ஹிஞ்சு கிடைக்குமா?” என்று கன்னடத்தில் கேட்டேன். என் உச்சரிப்பைக் கேட்டதும் பெரியவர் தமிழுக்கு மாறினார். கீலை இரு விரல்களால் மடக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, உடைஞ்சது பிளாஸ்டிக். ஆனா உடைச்சது இந்த ஹிஞ்சு. இது இவ்வளவு டைட்டா இருக்கிற வரைக்கும் நீங்க எதைப் போட்டு ஒட்டினாலும் புடுங்கிக்கும்” என்றார். பழைய கீலையே தளர்த்திக்கொள்ளலாம் என்றும் அவரே சொன்னார். நான்தான் கேட்டுப் புது ஜோடி வாங்கினேன்: 650 ரூபாய்.

அவர் சொன்னதன் பொருள், கருவியைத் திறந்ததும் புரிந்தது. கீல் எஃகு, அதைத் தாங்குவதோ நெகிழி. சட்டத்தில் சிறு குமிழ்கள் வார்க்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை மறை சூடாக அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கிறது. கீலின் திருகுகள் அந்த மறைகளில்தான் இறங்குகின்றன. கீலுக்குள் இருக்கும் மசகு காலப்போக்கில் காய்ந்து இறுகும்போது, திரையைத் திருப்ப நாம் கொடுக்கும் விசை முழுவதும் அந்தக் குமிழ்களின் மேல் விழுகிறது. என்னுடையதில் மூன்று குமிழ்கள் வேரோடு பெயர்ந்து, பித்தளை மறைகள் திருகுகளின் நுனியில் பல் பிடுங்கியது போலத் தொங்கிக்கொண்டிருந்தன.

பசைக்கு நான் தேர்ந்தெடுத்தது அரால்டைட் ஸ்டாண்டர்டு: ஒரு குழாயில் பிசின், மற்றதில் அதை இறுக வைக்கும் கடினமாக்கி என்று இரண்டையும் கலந்து பூசும் எபாக்சி பசை. இந்தியாவில் இது 2020 முதல் பெவிகால் தயாரிக்கும் பிடிலைட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எங்கள் தெருமுனை வன்பொருள் கடையிலேயே கிடைத்தது. விரைவில் இறுகும் கிளியர் வகையும் இருந்தது. அதைத் தவிர்த்தேன், ஏனெனில் இந்த வேலையில் மறைகளை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திச் சரிபார்க்க அவகாசம் வேண்டும். கலந்த சில நிமிடங்களில் கெட்டியாகும் பசை அந்த அவகாசத்தைத் தராது.

அடிமூடியில் பதினொரு திருகுகள். அவற்றில் இரண்டு, ரப்பர் பட்டைக்கு அடியில் ஒளிந்திருந்தன. அவற்றைக் கவனிக்காமல் நெம்பியதில் ஒரு கொக்கியை நானே உடைத்தேன். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது. பிறகு, குமிழ்கள் இருந்த இடத்தை 120 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். வழவழப்பான நெகிழியில் பசை உறுதியாக நிற்காது.

பசையைப் பழைய ஏடிஎம் அட்டையின் மேல் சரிபாதியாகப் பிதுக்கிப் பல்குச்சியால் கலந்தேன். கடினமாக்கியைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது தவறான எண்ணம். அளவு மாறினால் பசை கடைசிவரை ரப்பர் போலவே நின்றுவிடும். மறைகளைத் தனியாக ஒட்டாமல், முதலில் கீலின் தகட்டோடு திருகிக்கொண்டு, தகட்டை அதன் இடத்தில் உட்கார வைத்துச் சுற்றிலும் பசையை நிரப்பினால், துளைகள் தாமாகவே நேராக அமைந்துவிடும். திருகுகளின் மரையில் மெல்லிய வாசலின் பூச்சு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பசை கசிந்து திருகையும் சேர்த்து விழுங்கிவிடும். திரைக்குப் போகும் கேபிள் கீலின் ஓரமாகவே ஓடுகிறது என்பதால், அது தகட்டுக்கு அடியில் நசுங்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாற்றம் கடுமையானது, சன்னலைத் திறந்து வைத்துத்தான் கலக்க வேண்டும். பெங்களூரு டிசம்பர் இரவின் குளிரில் இறுகுவது மேலும் தாமதமாகிறது. ஓர் இரவு போதும் என்று நினைத்தேன், மறுநாள் காலையிலும் நகம் பதிந்தது, ஆகவே முழுதாக இரண்டு நாள் விட்டேன். ஆசையில் பசையைக் குவித்து வைத்ததால் அடிமூடி உட்காராமல், அரம் கொண்டு அரை மணி நேரம் தேய்க்க வேண்டியதாயிற்று. அது பசையின் குற்றமல்ல. சூடு கூடினால் எபாக்சி இளகும் என்பதால், கீல் விசிறியின் வெப்பக்காற்று வெளியேறும் பக்கத்தில் இருப்பவர்கள் சற்று யோசிக்கலாம். என்னுடையதும் அந்தப் பக்கம்தான்; எட்டு மாதமாகிறது, இதுவரை அசையவில்லை.

ஆனால் அந்த எட்டு மாதத்துக்கான பாராட்டில் பாதியைப் பெரியவருக்குத்தான் கொடுப்பேன். புதுக் கீல்களும் வாங்கும்போதே இறுக்கமாகத்தான் இருந்தன. அவர் சொல்லி அனுப்பியபடி, மாட்டுவதற்கு முன் தண்டின் முனையிலுள்ள நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, மசகுக்கு ஒரு சொட்டு இயந்திர எண்ணெய் விட்டேன். இப்போது ஒற்றை விரலால் திரை திறக்கிறது. சாய்த்த இடத்தில் நிற்கவும் செய்கிறது. இதைவிடத் தளர்த்தினால் பேருந்தில் மடியில் வைத்துத் தட்டும்போது திரை பின்னால் சாய்ந்துவிடும்.

கீல், பசை, உப்புத்தாள், ஆல்கஹால் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. திரைமூடியிலேயே குமிழ்கள் பெயர்ந்தவர்களுக்கு இதே முறையைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். அங்கே பசை நிற்கும் பரப்பும் குறைவு, பின்னால் திரைக்கண்ணாடி இருக்கிறது, எஸ்.பி. ரோட்டில் பழைய மூடியைத் தேடி மாற்றுவதே மேல்.

நான் உடைத்த கொக்கியின் இடத்தில் மட்டும் மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு நகம் நுழையும் இடைவெளி இன்னும் இருக்கிறது. பசை மீதமிருந்தும் அதை ஒட்டவில்லை. பேட்டரியின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. அடுத்த முறை அந்த மூலையிலிருந்துதான் நெம்பித் திறக்க வேண்டும்.