ஜேம்ஸ்டவுன்: அசலா, மாதிரியா?

அமெரிக்காவில் ஆங்கிலேயரின் முதல் நிலையான குடியேற்றம் ஜேம்ஸ்டவுன். வர்ஜீனியாவில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் இரண்டு இடங்களைக் காட்டுவார்கள். ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன் என்பது 1607இல் ஆங்கிலேயர் கோட்டை கட்டிய அதே மண். ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட், 350ஆம் ஆண்டு விழாவுக்காக 1957இல் அதற்கு அருகிலேயே எழுப்பிய மாதிரிக் குடியிருப்பு. நிர்வாகமும் டிக்கெட்டும் தனித்தனி. ஒன்றுக்குக் கிளம்பி மற்றொன்றில் போய் இறங்குவது எளிது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் செட்டில்மென்ட்தான். வந்தேறிகளை ஏற்றிவந்த மூன்று கப்பல்களின் மாதிரிகளும் கரையோரம் நிற்கின்றன, ஏறிப் பார்க்கலாம். மூன்றில் சிறியதான டிஸ்கவரியின் மேல்தளத்தில் நாலு எட்டு வைத்தாலே அதன் நெருக்கடி புரிந்துவிடும். இதில் இருபது பேருக்கு மேல் அடைந்துகொண்டு, 1606 டிசம்பரில் லண்டனை விட்டுப் புறப்பட்டு நாலு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்தார்கள். கோட்டைக்குள் துப்பாக்கி சுட்டுக் காட்டுகிறார்கள். பவ்ஹாட்டன் பழங்குடியினரின் ஊர் ஒன்றையும் அமைத்திருக்கிறார்கள். எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கூரையும் வேலியும் இத்தனை ஒழுங்காக இருப்பதைப் பார்த்தால், இங்கே பட்டினியால் செத்தார்கள் என்பதை நம்பவே மனம் வராது.

அசல் இடத்தில் முதலில் கண்ணில் படுவது புல்வெளி, 17ஆம் நூற்றாண்டுச் செங்கல் தேவாலயக் கோபுரம், ஆறு. இவ்வளவுதானா என்று தோன்றும். கோட்டையை ஜேம்ஸ் ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1994இல் தொல்லியலாளர் வில்லியம் கெல்சோ தோண்டத் தொடங்கினார். கோட்டை வேலிக்கு நட்ட மரங்கள் மக்கிப்போயிருந்தாலும், அவை நின்ற இடமெல்லாம் களிமண்ணில் கறுத்த கறையாகத் தங்கியிருந்தது. அந்தக் கறைகளைப் பின்தொடர்ந்துதான் கோட்டையின் முக்கோண வடிவத்தை மீட்டார்கள். இன்று நிற்கும் மரவேலி அதே தடத்தில் நட்டது. அகழாய்வு இன்னும் முடியவில்லை. குழியருகே நிற்கும் ஆய்வாளர்களிடமே கேள்வி கேட்கலாம்.

அங்குள்ள அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். 1609–10 குளிர்காலப் பஞ்சத்தில் இறந்த சுமார் 14 வயதுச் சிறுமியின் மண்டையோடு, குதிரை, நாய் எலும்புகளோடு குப்பையில் கிடைத்தது. அதில் வெட்டுத் தடங்கள் இருக்கின்றன. பசி தாளாமல் மனிதரையே தின்றார்கள் என்று எழுதிவைத்திருந்த பழைய குறிப்புகளுக்கு அதுவே சான்றானது. பெயர் தெரியாத அவளுக்கு ‘ஜேன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சின்னக் குழந்தைகளை அந்தப் பக்கம் கூட்டிப்போக யோசிக்க வேண்டும்.

பக்கத்திலுள்ள வில்லியம்ஸ்பர்க்கையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அழகான ஊர், தெருவில் இலவசமாகவே நடக்கலாம். ஆனால் அது வர்ஜீனியாவின் 1699க்குப் பிந்தைய தலைநகரம். கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் பணத்தில் புதுப்பித்தது. தொடக்ககால வாழ்க்கையைத் தேடி வருகிறவர்களுக்கு அது அடுத்த அத்தியாயம். மாசசூசெட்ஸின் பிளிமத் படுக்செட்டும் மாதிரி ஊர்தான். ஆனால் அங்கே 1620களின் மனிதர்களாகவே நடித்துப் பேசுகிறார்கள். அந்த விளையாட்டு எல்லோருக்கும் பிடிக்காது.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் என் ஓட்டு அசல் மண்ணுக்கே. இரண்டையும் பார்ப்பதென்றால் காலையில் செட்டில்மென்ட், பிறகு அசல் இடம். கப்பலையும் குடிசையையும் பார்த்த கண்ணுக்கு வெறும் புல்வெளியிலும் ஊர் தெரியும். தேசியப் பூங்கா ஆண்டு அட்டை வைத்திருப்பவர்கள் கவனிக்க: அசல் இடத்தின் கட்டணத்தில் ஒரு பகுதியை மட்டுமே அது ஈடுகட்டும்.